புதுக் கம்ப்யூட்டரில் ஆக்டிவேஷன் சிக்கலா? கீ தேடும் முன் இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

ஒரு மாதம் 18-ஆம் தேதி, இரவு எட்டு மணி இருக்கும். மொத்த மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி போன் செய்தார்.

"தம்பி, புது சிஸ்டத்துல டாலி நல்லாத்தான் ஓடுது. ஆனா பதினேழாம் தேதி பில்லு ஏறமாட்டேங்குது. ஒண்ணாந்தேதி, ரெண்டாந்தேதின்னு போட்டா மட்டும் வாங்கிக்கிடுது. என்னன்னே புரியல."

டாலி, கடைக் கணக்கு எழுதும் மென்பொருள். 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாதாந்திர ஜிஎஸ்டி கணக்கைப் போட்டாக வேண்டும். குரலிலேயே பதற்றம் தெரிந்தது. அவர் சொன்ன அடையாளத்தை வைத்தே விஷயம் பிடிபட்டுவிட்டது. லைசென்ஸ் இல்லாத டாலி, எஜுகேஷனல் மோடில், அதாவது பழகிப் பார்க்க மட்டும் உதவும் நிலையில் ஓடும். அந்த மோடில் மாதத்தின் 1, 2, 31 தேதிகளில் மட்டும்தான் பதிவு போட முடியும். பழைய கம்ப்யூட்டரில் இருந்த லைசென்சை யாரும் சரண்டர் செய்யவில்லை, அதாவது அங்கிருந்து விடுவிக்கவில்லை. அந்தக் கம்ப்யூட்டரையோ ஃபார்மட் அடித்து மருமகன் படிப்புக்குக் கொடுத்தாகிவிட்டது. ஃபார்மட் அடித்துக் கொடுத்தவன் நான்தான். "இதில் டாலி லைசென்ஸ் இருக்கிறதா அண்ணாச்சி?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இன்று யார் சிஸ்டம் மாற்ற வந்தாலும் என் வாயில் முதலில் வருவது அந்தக் கேள்விதான்.

ஆக்டிவேஷன் சிக்கல் என்று வருகிறவர்களில் பெரும்பாலோர் காசு கொடுத்து வாங்கிய லைசென்சை வைத்துக்கொண்டேதான் அவதிப்படுகிறார்கள். அது எங்கே இருக்கிறது என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியாது. சில லைசென்ஸ் மிஷினோடு ஒட்டியிருக்கும். சிலது உங்கள் மின்னஞ்சல் கணக்கில் இருக்கும். சிலது கம்பெனி அல்லது கல்லூரியின் சர்வரில் இருக்கும். எது எங்கே என்று பார்க்காமல் கை வைப்பதுதான் எல்லாத் தவறுக்கும் தாய்த் தவறு.

விண்டோஸைப் பொறுத்தவரை இதைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் சின்னப் பெட்டியில் ஆங்கிலத்தில் எஸ், எல், எம், ஜி, ஆர் என்று ஐந்து எழுத்தையும் சேர்த்து அடித்து, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சாய்கோடு போட்டு, டி, எல், ஐ என்று முடித்து என்டர் தட்டுங்கள். சில நொடியில் ஒரு பெட்டி வரும். அதன் இரண்டாவது வரியின் கடைசியில்தான் விஷயம் இருக்கிறது. அங்கே ஓஇஎம் என்று இருந்தால் லைசென்ஸ் அந்த மிஷினுக்கே உரியது. வேறு கம்ப்யூட்டருக்கு எடுத்துப் போக முடியாது. ரீடெய்ல் என்று இருந்தால் பழைய மிஷினில் நீக்கிவிட்டுப் புதியதில் போட்டுக்கொள்ளலாம். வால்யூம் என்று இருந்தால் அது ஒரு நிறுவனத்தின் சொத்து. உங்கள் வீட்டு லேப்டாப்பில் வால்யூம் என்று வந்தால் யாரோ உங்களுக்குத் தெரியாமல் எதையோ ஏற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

கடைப் பையனின் மெயிலில் உங்கள் ஆஃபீஸ்

அதிகம் பேர் ஏமாறும் இடம் இதுதான். எனக்கு மனசு கஷ்டமாக இருப்பதும் இதைப் பார்க்கும்போதுதான்.

இப்போது வரும் லேப்டாப்கள் பலவற்றில் வேர்டு, எக்செல் எல்லாம் அடங்கிய மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸின் ஹோம் 2024 போன்ற ஒரு பதிப்பு விலையோடு சேர்ந்தே வருகிறது. வருடா வருடம் கட்டணம் கிடையாது. ஆனால் அந்த லைசென்ஸ் முதல்முறை எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிவாகிறதோ அந்தக் கணக்கோடு போய்விடும். பிறகு வேறு கணக்குக்கு மாற்ற வழியில்லை. கடையில் பெட்டியைப் பிரித்து, "செட் பண்ணித் தந்துடறோம் சார்" என்று சொல்லி, அவசரத்தில் கடை ஊழியர் தன் மெயிலையோ கடை மெயிலையோ போட்டு ஆஃபீஸை ஆக்டிவேட் செய்துவிடுகிறார். அவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, வேலை சீக்கிரம் முடிய வேண்டும், அவ்வளவுதான். ஒரு வருடம் கழித்து லேப்டாப்பை ரீசெட் செய்யும்போது வேர்டு திறந்து கணக்கு கேட்கும். யாருடைய கணக்கு என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

மகள் இன்ஜினியரிங் சேருகிறாள் என்று கடன் வாங்கி லேப்டாப் எடுத்த ஓர் அம்மா என்னிடம் வந்தார். அவர் ஆஃபீஸ் பதிவாகியிருந்த மெயிலில் வேறு நான்கு பேருடைய ஆஃபீஸும் சேர்ந்து கிடந்தது. அவருடையதை மட்டும் பிரித்து எடுக்க முடியவில்லை. ப்ராஜெக்ட் ரிப்போர்ட் சமர்ப்பிக்க வேண்டிய வாரம் அது. பணம் கொடுத்து வாங்கிய ஒன்றுக்கு அந்த அம்மா இன்னொரு முறை பணம் கொடுக்க வேண்டியதாகிவிட்டது.

ஆகவே கடையில் பெட்டியைப் பிரிக்கச் சொல்லலாம், ஆன் செய்து பார்க்கலாம், திரையில் புள்ளி இருக்கிறதா என்று சோதிக்கலாம். மெயில் கேட்கும் இடத்தில் உங்கள் மெயிலைத்தான் போட வேண்டும், பாஸ்வேர்டை நீங்களேதான் அடிக்க வேண்டும். முடிந்ததும் மைக்ரோசாஃப்ட் கணக்குப் பக்கத்தில் நுழைந்து, உங்கள் பெயருக்குக் கீழ் ஆஃபீஸ் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள். ஏற்கெனவே கடை மெயிலில் பதிவாகிவிட்டதா? அது உங்கள் லேப்டாப்புக்கென்றே புதிதாகத் திறந்த கணக்கு என்றால் பிழைத்தீர்கள். கடைக்காரரை எதிரில் வைத்துக்கொண்டே அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு, போன் நம்பர், மீட்பு மெயில் மூன்றையும் உங்களுடையதாக மாற்றிக்கொள்ளுங்கள். ஓடிபி அவர் போனுக்குத்தான் போகும் என்பதால் நேரில் போவதே நல்லது.

இன்னொன்று, பெட்டியோடு வரும் ஆஃபீஸுக்குக் கெடு உண்டு. விண்டோஸ் ஆக்டிவேட் ஆன நாளிலிருந்து 180 நாளுக்குள் பதிவு செய்யச் சொல்கிறார்கள். "காலேஜ் திறந்ததும் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போட வேண்டாம்.

அவசரப்பட்டு ஃபார்மட்

"ஆக்டிவேட் விண்டோஸ்" என்று திரை மூலையில் எழுத்து வந்தவுடன் பலர் செய்வது ஃபார்மட். இது எதையும் தீர்ப்பதில்லை, சில சமயம் கெடுக்கிறது. 2012-இல் விண்டோஸ் 8 வந்த காலத்திலிருந்து பிராண்டட் லேப்டாப்களில் கீ, அதாவது ஆக்டிவேட் செய்ய உதவும் எண்-எழுத்துத் தொடர், மதர்போர்டிலேயே பதிந்து வருகிறது. பழைய காலம் போல அடியில் ஸ்டிக்கர் இருக்காது. அதே பதிப்பை மறுபடி ஏற்றினால் இன்டர்நெட் கிடைத்ததும் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும். அதே பதிப்பு என்பதுதான் முக்கியம்.

நம் ஊரில் விற்கும் லேப்டாப்களில் நிறைய, விண்டோஸ் ஹோம் சிங்கிள் லாங்குவேஜ் என்ற பதிப்போடு வருபவை. அதில் வெறும் ஹோம் ஏற்றினாலும் ஆக்டிவேட் ஆகாது, ப்ரோ ஏற்றினாலும் ஆகாது. பென்டிரைவில் ப்ரோவை வைத்துக்கொண்டு எல்லா லேப்டாப்புக்கும் அதையே ஏற்றும் பழக்கம் சர்வீஸ் செய்பவர்கள் பலரிடம் இருக்கிறது. "ப்ரோதானே சார், ஒசத்தி" என்பார்கள். உங்கள் மிஷினில் இருந்த செல்லுபடியாகும் லைசென்ஸ் அங்கே பயனற்றுப் போகிறது, பிறகு அதை மறைக்க ஒரு கிராக், அதாவது லைசென்ஸ் இருப்பதுபோல் ஏமாற்றும் நிரல். ஃபார்மட் கொடுக்கும் முன் செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து, எந்தப் பதிப்பு என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்ப வாங்கும்போது ஒப்பிடுங்கள்.

மதர்போர்டு மாற்றினாலும் இதே கதைதான். கீ பழைய போர்டோடு போய்விட்டது. வாரண்டியில் மாற்றித் தருகிறவர்கள் புதுப் போர்டில் கீயை ஏற்றித் தர வேண்டும். டெலிவரி எடுக்கும் முன் அதே ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து பாருங்கள். 2016-இல் வந்த விண்டோஸ் 10 அப்டேட் ஒன்றிலிருந்து லைசென்சை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்து வைக்கும் வசதி இருக்கிறது. இணைத்திருந்தால் ட்ரபிள்ஷூட் அழுத்தி, சமீபத்தில் ஹார்டுவேர் மாற்றினேன் என்பதைத் தேர்ந்தெடுத்து மீட்கப் பார்க்கலாம். ஆனால் இணைப்பதை போர்டு நன்றாக இருக்கும்போதே செய்துவைக்க வேண்டும்.

முந்நூறு ரூபாய் கீயும் இலவச ஆக்டிவேட்டரும்

ஆன்லைனில் முந்நூறு, ஐந்நூறு ரூபாய்க்கு 'லைஃப்டைம்' கீ என்று விற்கிறார்கள். அவற்றில் பல, ஏதோ ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்த வால்யூம் கீ. பத்து நாளோ பத்து மாதமோ ஓடும், பிறகு முடக்கப்படும். விற்றவர் அந்தப் பக்கத்தில் இருக்க மாட்டார்.

கீ இல்லாமலேயே ஆக்டிவேட் செய்து தருவதாகச் சொல்லும் ஆக்டிவேட்டர் அதைவிட ஆபத்து. அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் நீங்களே தொட மாட்டீர்கள். பெரிய நிறுவனங்களில் கேஎம்எஸ் என்று ஒரு சர்வர் இருக்கும். ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் மைக்ரோசாஃப்ட்டிடம் போகாமல் அந்தச் சர்வரிடம் ஆக்டிவேட் ஆகிக்கொள்ளும், 180 நாளுக்குள் மறுபடி அதைத் தொட வேண்டும். ஆக்டிவேட்டர் உங்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு போலிச் சர்வரை உட்கார வைக்கிறது. அதற்கு ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்லும், அட்மின் அனுமதி கேட்கும். வீட்டுச் சாவியை முன்பின் தெரியாதவர் கையில் கொடுத்துவிட்டு நாயையும் கட்டிப் போடுகிற காரியம் இது. 2021 டிசம்பரில் ரெட் கேனரி என்ற பாதுகாப்பு நிறுவனம், கேஎம்எஸ்பிகோ என்ற பெயரில் பரவிய இன்ஸ்டாலருக்குள் கிரிப்ட்பாட் என்ற திருட்டு நிரல் இருந்ததைக் கண்டுபிடித்து எழுதியது. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் கிரிப்டோ வாலெட் விவரங்களையும் அது அள்ளிக்கொண்டு போகும். கடை கணக்கும் நெட் பேங்கிங்கும் இருக்கிற கம்ப்யூட்டரில் இதை ஏற்ற எப்படி மனசு வருகிறது?

விலை குறைவு என்று 'டாஸ்' லேப்டாப் வாங்குகிறவர்கள் இந்த வலையில்தான் விழுகிறார்கள். டாஸ் என்றால் விண்டோஸ் லைசென்ஸ் இல்லை என்று பொருள். கடைக்காரர் "போட்டுத் தரேன்" என்றால் பில்லில் விண்டோஸ் என்று எழுதித் தருவீர்களா என்று கேளுங்கள். பணம் இல்லையென்றால் விண்டோஸுக்குப் பதில் இலவச உபுண்டுவும், ஆஃபீஸுக்குப் பதில் இலவச லிப்ரே ஆஃபீஸும் போட்டுக்கொள்வதில் ஒரு குறைச்சலும் இல்லை. தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற இலவச சிஸ்டமும் இருந்ததே.

எர்ரர் எண்ணைப் படிக்காமல் விடுவது

திரையில் வரும் நீளமான எண்ணைப் பார்த்துப் பயந்து மூடிவிடுகிறார்கள். கடைசிப் பகுதியை மட்டும் பார்த்தால்கூடப் போதும். எஃப்074 என்று முடிந்தால் கேஎம்எஸ் சர்வரை எட்ட முடியவில்லை. ஆபீஸ் லேப்டாப் என்றால் ஆபீஸ் நெட்வொர்க்கிலோ விபிஎன்னிலோ இணைத்துப் பாருங்கள். வீட்டு லேப்டாப் என்றால் உள்ளே கிராக் கிடக்கிறது. எஃப்211 என்றால் ஹார்டுவேர் மாறியிருக்கிறது. சி008 என்றால் கீயை ஏற்கெனவே வேறு இடத்தில் பயன்படுத்தித் தீர்த்தாகிவிட்டது. 2எஃப்8எஃப் என்றால் பெரும்பாலும் தேதியும் நேரமும் தப்பு. டைம் ஜோனை இந்திய நேரத்துக்கு மாற்றி மறுபடி அழுத்தினால் முடிந்தது வேலை.

கீயைக் கையால் அடிப்பவர்களுக்கு ஒரு சின்னத் தகவல். விண்டோஸின் 25 எழுத்துக் கீயில் பூஜ்யம், 1, 5 ஆகிய எண்களும் ஓ, ஐ, எஸ் ஆகிய ஆங்கில எழுத்துகளும் வரவே வராது. பூஜ்யமா ஓவா என்று குழம்பினால் நீங்கள் பார்ப்பது வேறு ஏதோ எழுத்து. 8-ஐயும் பி எழுத்தையும்தான் கவனமாகப் பார்க்க வேண்டும், இரண்டுமே வரும். விண்டோஸ் 7, 8 காலத்துப் பழைய கீயை வைத்து முயல்கிறவர்கள் விட்டுவிடலாம். 2023 செப்டம்பரோடு அந்த வழியை மைக்ரோசாஃப்ட் மூடிவிட்டது.

பழைய கம்ப்யூட்டரைக் கைவிடும் முன்

டாலி வைத்திருப்பவர்கள் புதுக் கம்ப்யூட்டர் வந்ததும் பழையதைத்தான் முதலில் ஆன் செய்ய வேண்டும். இன்டர்நெட்டை இணைத்து, எஃப்1 அழுத்தி, செட்டிங்ஸில் லைசென்ஸ், அதில் சரண்டர். அது முடிந்த பிறகுதான் புதியதில் ஆக்டிவேட் செய்ய வேண்டும். டேட்டாவை மட்டும் காப்பி எடுத்துவிட்டால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். சரண்டர் செய்ய முடியாமல் ஹார்டு டிஸ்க் செத்துப்போனாலும் லைசென்சை ரீசெட் செய்ய வழி இருக்கிறது. ஆனால் எல்லாமே வாங்கியபோது கொடுத்த நிர்வாகி மெயிலைச் சுற்றித்தான் நடக்கும்.

அண்ணாச்சி மாட்டிக்கொண்டதும் அங்கேதான். அந்த மெயில், மூன்று வருடத்துக்கு முன் கல்யாணமாகிப் போன கணக்குப்பிள்ளைப் பெண்ணுடையது. நல்லவேளை, நம்பர் இருந்தது. இரவு ஒன்பதரைக்கு அண்ணாச்சியே போன் போட்டு, "ஏம்மா, நல்லா இருக்கியா, பிள்ளைங்க நல்லா இருக்கா" என்று விசாரித்துவிட்டுத் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். "அதுக்கென்ன அண்ணாச்சி, லைன்லயே இருங்க" என்று சொல்லி அந்தப் பெண் மெயிலைத் திறந்து, வந்த எண்ணை ஒவ்வொன்றாக வாசித்தது. பத்தரைக்கு 17-ஆம் தேதி பில் ஏறியது. அப்போதே நிர்வாகி மெயிலை அண்ணாச்சி மகன் பெயருக்கு மாற்றினோம். ஒன்பது இலக்க சீரியல் நம்பரையும் புது மெயிலையும் கல்லாப் பெட்டிக்குள் இருந்த நோட்டின் முதல் பக்கத்தில், பிள்ளையார் சுழிக்குக் கீழே, அண்ணாச்சி தன் கையாலேயே எழுதிக்கொண்டார்.