கடற்கரை ஊரில் காலிப்பருக்குப் பெயின்ட்

கடலூர் தேவனாம்பட்டினத்தில் கார் வைத்திருப்பவனுக்குத் துருவைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. என் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே இரண்டு தெருக்கள்தான். 2016இல் வாங்கிய சின்ன கார். சக்கரத்தின் இடுக்கு வழியே எட்டிப் பார்த்தால், சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் என்ற இரும்புத் தட்டைப் பேடு என்ற உராய்வுக் கட்டைகளால் இறுக்கிப் பிடிக்கும் காலிப்பர் பழைய நங்கூரம் மாதிரி தெரியும். பிரேக்கில் ஒரு குறையும் இல்லை, பார்க்கத்தான் சகிக்கவில்லை.

முதல் முறை செய்தது வெறும் அவசரம். ஐப்பசியில் இரண்டு மழைக்கு நடுவே, கேட்டுக்கு அடித்து மிச்சமிருந்த எனாமலைத் துருவின் மேலேயே தீட்டினேன். பொங்கலுக்குள் பழுப்பேறிப் பொருக்குப் பொருக்காக உதிர்ந்துவிட்டது. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் வேகம் டிஸ்க்கில் சூடாக மாறுகிறது; அதில் ஒரு பங்கு பேடு வழியாகக் காலிப்பருக்கும் ஏறுகிறது. கேட்டுப் பெயின்ட் அந்தச் சூட்டைத் தாங்காது. ஆனாலும் முழுப் பழியையும் சூட்டின் மேல் போட எனக்கு மனமில்லை. உரிந்த ஒரு துண்டைத் திருப்பிப் பார்த்தபோது அதன் அடியில் துரு ஈரமாக இருந்தது.

என் அப்பா முதுநகர் துறைமுகத்தில் படகுகளுக்குப் பெயின்ட் அடித்தவர். பலகையைச் சுரண்டி, கழுவி, காயவைத்த பிறகு ஆள்காட்டி விரலால் ஒரு தடவு தடவி நாக்கில் வைப்பார். கரித்தால் முகத்தைச் சுளித்து, "இன்னும் இருக்கிறது, கழுவு" என்பார். அடியில் தங்கிய உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், மேலே எவ்வளவு விலை உயர்ந்த பெயின்ட் இருந்தாலும். அதை அறிந்து வளர்ந்த நான், காருக்கு வந்ததும் மறந்துவிட்டேன். இரண்டாம் முறை மாசியில் செய்தேன். அதைத்தான் சொல்லப் போகிறேன். (பிரேக் தூசியை மட்டும் நாக்கில் வைத்துவிடாதீர்கள்.)

வாங்க வேண்டியவை கொஞ்சம்தான்: காலிப்பருக்கென்றே விற்கும் சூடு தாங்கும் பெயின்ட், ஒரு டப்பா பிரேக் கிளீனர், கம்பி பிரஷ், 80ஆம் 120ஆம் எண் உப்புத்தாள், மாஸ்கிங் டேப், முகக்கவசம், கையுறை. ஸ்பிரே வேண்டாம் என்பது என் கட்சி. நண்பகலை ஒட்டிக் கடற்காற்று எழுந்துவிட்டால் பாதி பெயின்ட் பக்கத்து வீட்டுக் கொடித்துணிக்குப் போகும், மீதியில் கொஞ்சம் டிஸ்க்கில் உட்காரும். அரை அங்குல பிரஷ் போதும். முன்பக்கம் இரண்டுக்கும் 100 மில்லிகூட எனக்குச் செலவாகவில்லை. சின்ன கார்களில் பெரும்பாலும் பின்பக்கம் டிரம் பிரேக்தான் என்பதால் அங்கே காலிப்பர் தேட வேண்டாம்.

எங்கள் தெரு மணலில் ஜாக்கி வைத்தால் புதைந்து சாயும். சிமென்ட் தரைக்கு வண்டியைக் கொண்டுவந்து, ஹேண்ட் பிரேக் போட்டு, முதல் கியரில் விட்டு, பின்சக்கரங்களுக்கு மரக்கட்டையால் அண்டை கொடுங்கள். செங்கல் நொறுங்கும். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்திவிட்டுப் பிறகு தூக்குங்கள். தூக்கியதும் வண்டியைத் தாங்கி நிற்கும் ஜாக் ஸ்டாண்டு வைத்தாக வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே கையோ தலையோ நீட்டக் கூடாது. கழற்றிய சக்கரத்தையும் வண்டிக்கு அடியில் படுக்கப் போட்டுவைத்தேன். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்துவைத்தால் காலிப்பரின் முதுகு வெளியே வந்துவிடும். காலிப்பரைக் கழற்றவே வேண்டாம். பிரேக் ஆயில் வரும் ரப்பர் குழாயான ஹோஸைத் தொடாத வரை, ஆயில் ஒழுகும், காற்றுப் புகும் என்ற கவலையும் இல்லை.

இனித்தான் வேலை. கறுப்புத் தூசியை ஊதாதீர்கள், காய்ந்த துணியால் தட்டாதீர்கள், நெஞ்சுக்குள் போகும். சோப்புத் தண்ணீரில் நனைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்து இறக்குங்கள். தூசி போனதும் முகக்கவசத்தோடு கம்பி பிரஷ். செதில் துரு விழுந்ததும் 80, அதன் பிறகு 120. வார்ப்பிரும்பு சாம்பல் நிறத்தில் தலைகாட்ட வேண்டும். பள்ளங்களில் கறுப்பாக ஒட்டிக்கொண்டிருப்பது நகத்தால் சுரண்டியும் வராவிட்டால் விட்டுவிடலாம். ஒரு பக்கத்துக்கு எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. பெயின்ட் அடித்ததோ பத்தே நிமிடம்.

அடுத்து மறுபடியும் கழுவ வேண்டும். இங்கேதான் கடற்கரைக்காரர்கள் ஏமாறுவோம். எங்கள் வீட்டு போர் தண்ணீரே உப்பு. குளித்துவிட்டுத் தலை துவட்டினால் தெரியும். அதில் கழுவினால் எடுத்த உப்பை நாமே திரும்பப் பூசுகிறோம். குடிக்க வாங்கும் கேன் தண்ணீரில் ஐந்து லிட்டர் எடுத்துச் சொம்பு சொம்பாக ஊற்றினேன். என் மனைவி வாசலில் நின்று பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பார்வையே போதும்.

கழுவிய இரும்பு கண்ணெதிரே செம்மை தட்டத் தொடங்கும். உடனே துடைத்து, மகளின் தலைமுடி உலர்த்தும் டிரையரை இடுக்குகளில் பிடித்தேன். நன்றாக உலர்ந்து ஆறிய பிறகே பிரேக் கிளீனர். அது எளிதில் தீப்பற்றும். அடித்த பிறகு டிரையரோ பீடியோ கிட்டே வரக் கூடாது. மண்ணெண்ணெயால் துடைத்தால் எண்ணெய்ப் பசை தங்கும், பெட்ரோல் ரப்பரைக் கெடுக்கும். வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். அழுக்கு ஏறாவிட்டால் தயார்.

பெயின்ட் படக் கூடாத இடங்களுக்கு டேப் ஒட்டுங்கள்: பேடைத் தள்ளும் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் உறை, காலிப்பர் நகர உதவும் ஸ்லைடு பின்களின் ரப்பர்கள், காற்றை வெளியேற்றும் பிளீடர் நிப்பிள், ஹோஸ், பேடு உட்காரும் இடம், சக்கரம் வந்து பொருந்தும் முகம். டிஸ்க்கைப் பழைய செய்தித்தாளால் மூடுங்கள். டிஸ்க்கில் ஓர் இரவில் படரும் செந்துரு முதல் பிரேக்கிலேயே போய்விடும். டிஸ்க்குக்கும் பெயின்ட் அடிக்கலாமா என்று என் மைத்துனர் கேட்டார். கூடவே கூடாது, பிரேக்கே பிடிக்காது. டேப் ஒட்டும்போது ரப்பரில் கிழிசலோ ஆயில் கசிவோ கண்ணில் பட்டால் பெயின்டை மூடிவைத்துவிட்டு மெக்கானிக்கிடம் போங்கள். பிரேக் ஆயில் பெயின்டையும் கரைத்துவிடும்.

பிரஷ் நுனியை மட்டும் நனைத்து மெல்லியதாக ஒரு பூச்சு. அடியில் இரும்பு தெரிந்தால் தெரியட்டும். டப்பாவில் போட்டிருக்கும் இடைவெளி விட்டு இரண்டாவது, தேவைப்பட்டால் மூன்றாவது. ஒரே பூச்சில் மூட நினைத்தால் கீழ் விளிம்பில் சொட்டாகத் திரளும். என் இடது காலிப்பரில் அப்படி ஒரு சொட்டு இன்றும் இருக்கிறது. மகள் சிவப்பு கேட்டாள், நான் சாம்பல் அடித்தேன். சிவப்பு அழகுதான், பிரேக் தூசி அதைப் பத்தே நாளில் செங்கல் நிறமாக்கிவிடும்.

டேப்பைப் பெயின்ட் முற்றிலும் இறுகும் முன்பே உரித்துவிடுங்கள். காலை எட்டுக்குத் தொடங்கியவன் மறுநாள் வரை வண்டியை அப்படியே ஸ்டாண்டில் விட்டுவைத்தேன். டிஸ்க்கில் துளி தெறித்திருந்தால் பிரேக் கிளீனர் தொட்ட துணியால் துடையுங்கள். பேடில் ஊறியிருந்தால் பேடையே மாற்ற வேண்டியதுதான். சக்கரத்தை மாட்டி, நட்டுகளை எதிரெதிராக முடுக்கி, தரையில் இறக்கியபின் கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். கிளம்பும் முன் பிரேக் மிதியை நாலைந்து முறை மிதித்துப் பார்த்து, தெருவுக்குள் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். முதல் நாள் லேசாக வாடை வரலாம். ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் ஓடிய பிறகு நட்டுகளை ஒரு முறை பாருங்கள். எனக்கு அது புதுச்சேரிக்குப் போய்த் திரும்பிய தூரம். வலது சக்கரத்தில் ஒரு நட்டு கால் சுற்று ஏற்றுக்கொண்டது.