ஸ்டாக் பைக்குக்கு கார்புரேட்டர் ட்யூனிங்: ஜெட்டில் கை வைக்காமல் செய்யும் முறை

2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகை விதி வந்ததும் புது வண்டிகள் பெரும்பாலும் எஃப்ஐ (சென்சார் பார்த்துப் பெட்ரோலைப் பீய்ச்சும் முறை) ஆகிவிட்டன. ஆனால் காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் உள்ள பழைய ஸ்பிளெண்டர், பல்சர், யூனிகார்ன் வைத்திருப்பவர்கள் இன்னும் ஏராளம், இது அவர்களுக்காக.

ஏர் ஃபில்டர், சைலன்சர் எதையும் மாற்றாத வண்டி என்றால் ஓட்டத்தில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் மெயின் ஜெட்டையும் (சின்னத் துளையுள்ள துண்டு) நீடிலையும் (ஊசி) விட்டுவிடுங்கள், அவை அந்த இன்ஜினுக்கென்றே கம்பெனி போட்டவை. நமக்கு வேலை இரண்டே ஸ்க்ரூவில்தான்: ஆக்ஸிலேட்டர் முறுக்காதபோது இன்ஜின் ஓடும் வேகத்தை (ஐட்லிங்) வைக்கும் ஐட்லிங் ஸ்க்ரூ, அப்போதைய காற்று-பெட்ரோல் கலவையை வைக்கும் மிக்ஸர் ஸ்க்ரூ.

அதற்கும் முன்னால் ஏர் ஃபில்டர் சுத்தமா, வால்வு கிளியரன்ஸ் (வால்வுக்கு விடும் இடைவெளி) சரியா, ஆக்ஸிலேட்டர் கேபிளில் கொஞ்சம் லூஸ் இருக்கிறதா, கார்புரேட்டரும் இன்ஜினும் சேரும் இடத்தில் காற்று கசிகிறதா என்று பாருங்கள். வண்டி ஐட்லிங்கில் ஓடும்போது அந்த இணைப்பில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் ரேஸ் (இன்ஜின் சுற்றும் வேகம்) மாறுகிறதா, அப்படியானால் கசிவு இருக்கிறது, அதைச் சரிசெய்யாமல் எவ்வளவு திருகினாலும் வீண்.

சரி, இப்போது வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டி நன்றாகச் சூடாக்குங்கள், சோக் போடாமல் இருக்கட்டும், வேலை திறந்தவெளியில் நடக்கட்டும். இன்ஜினை அணைத்து, மிக்ஸர் ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே திருகி அது உட்காரும் இடத்தில் நிறுத்துங்கள். இறுக்கினால் ஊசி முனை கெட்டுவிடும். அங்கிருந்து மேனுவலில் சொன்ன அளவு வெளியே எடுங்கள், மேனுவல் இல்லாவிட்டால் ஒன்றரைச் சுற்றில் தொடங்கலாம்.

ஸ்டார்ட் செய்து ஐட்லிங்கைக் கொஞ்சம் தூக்கி வையுங்கள். பிறகு மிக்ஸர் ஸ்க்ரூவைக் கால் சுற்றாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி, ஒவ்வொரு முறையும் சில விநாடி பொறுத்து, சத்தம் எங்கே அதிகமாகவும் சீராகவும் வருகிறது என்று காதால் பிடியுங்கள். அதுதான் சரியான இடம். ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் உள்ளே திருக பெட்ரோல் கூடும், இன்ஜின் பக்கம் இருந்தால் வெளியே எடுக்க பெட்ரோல் கூடும், ஆனால் உச்சத்தைத் தேடும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான். கடைசியாக ஐட்லிங் ஸ்க்ரூவில் ரேஸைக் குறையுங்கள், ஸ்பிளெண்டருக்கு 1400 ஆர்பிஎம் பக்கம்.

இப்போது ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று முறுக்கி விடுங்கள். முறுக்கும்போது திக்கினாலோ, விட்ட பிறகு ரேஸ் இறங்க நேரமெடுத்தாலோ பெட்ரோல் கம்மி. ரேஸ் ஐட்லிங்குக்கும் கீழே போய் அமுங்கினால், புகை கறுப்பாக வந்தால் பெட்ரோல் ஜாஸ்தி. கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, ஆறியதும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காபிப் பொடி நிறம் நல்லது, வெளுத்திருந்தால் கம்மி, கரி படிந்திருந்தால் ஜாஸ்தி. மைலேஜுக்காகப் பெட்ரோலைக் குறைத்து வைக்கச் சொல்வதில் எனக்கு உடன்பாடே இல்லை. காலையில் ஸ்டார்ட் ஆகாமல் படுத்தும், இன்ஜின் தேவையில்லாமல் சூடாகும்.

ஸ்க்ரூவை எப்படித் திருப்பினாலும் சத்தத்தில் மாற்றமே இல்லையா? பெரும்பாலும் ஐட்லிங்குக்குப் பெட்ரோல் தரும் சின்னத் துளையான பைலட் ஜெட் அடைத்திருக்கும். கழற்றி கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே அடித்துக் காற்றால் ஊதுங்கள், கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும். இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், அதனால் வண்டியை ஒரு மாதம் நிறுத்தி வைப்பதாக இருந்தால் பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டரின் அடியில் இருக்கும் டிரெய்ன் ஸ்க்ரூவைத் திறந்து அதில் பெட்ரோல் தங்கும் கிண்ணத்தைக் காலி செய்துவிடுங்கள்.