மேக்ஃபைலில் டார்கெட் பெயர்கள்: இடைவெளியும் டாலரும் தரும் தொல்லைகள்

ஷெல்லில் (கட்டளை வரியில்) பழகிய கை, மேக் (make) என்ற பில்டு கருவி படிக்கும் விதிக் கோப்பான மேக்ஃபைலிலும் அப்படியே எழுதும். பெயரில் இடைவெளி இருந்தால் மேற்கோள் குறி போட்டால் போதும் என்று தோன்றும். போதாது. "மாத அறிக்கை" என்று மேற்கோளோடு டார்கெட் (மேக் உருவாக்க வேண்டிய கோப்பின் பெயர்) எழுதினால், மேக் அதை இரண்டு டார்கெட்டுகளாக எடுத்துக்கொள்ளும். மேற்கோள் குறிகளும் அந்தப் பெயர்களிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். 1976-இல் பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் எழுதிய கருவி இது. இதில் பெயர்களைப் பிரிப்பது இடைவெளிதான்.

மேக்கின் பரவலான வடிவமான குனு மேக்கில் மாத\ அறிக்கை என்று பேக்ஸ்லாஷ் போட்டால் விதியின் தலைப்பு வரியில் வேலை செய்யும். அதை நம்பி மேலே போவதுதான் அடுத்த தவறு. $^ என்ற மாறி எல்லாச் சார்புகளையும் (டார்கெட்டை உருவாக்கத் தேவையான கோப்புகளை) வெறும் இடைவெளியால் கோத்துத் தரும். எது எங்கே முடிகிறது என்று ஷெல்லுக்குத் தெரியாது. ஃபோரீச் (foreach), நாட்டிர் (notdir) போன்ற மேக்கின் ஃபங்ஷன்களும் இடைவெளி கண்ட இடத்தில் வெட்டிவிடும். அதனால் பில்டு முழுக்க அடிக்கோடு போட்ட பெயரையே வைத்துக்கொள்ளுங்கள். இடைவெளி வேண்டும் என்றால் கடைசிப் படியில் அந்தப் பெயருக்கு நகலெடுங்கள்.

டாலர் இதைவிட மோசம், ஏனென்றால் சத்தமே வராது. ஜாவாவில் உள்வகுப்பின் கிளாஸ் கோப்புப் பெயரிலேயே $ வரும். மேக் அந்த $ குறியையும் அடுத்த ஓர் எழுத்தையும் மாறி என்று நினைக்கும். அப்படி ஒரு மாறி இல்லையென்றால் இரண்டையும் விழுங்கிவிட்டு, மிச்சத்தைப் பெயராக வைத்துக்கொள்ளும். $$ என்று எழுதினால் மேக் சரியாகப் படிக்கும். அப்புறம் ரெசிப்பியில் (விதியின் கீழ் வரும் ஷெல் கட்டளைகளில்) டார்கெட் பெயரைக் குறிக்கும் $@ மாறிக்கு "$@" என்று இரட்டை மேற்கோள் போட்டால் இப்போது ஷெல் அதே டாலரை விரிக்கப் பார்க்கும். அங்கே '$@' என்று ஒற்றை மேற்கோள்தான் வேண்டும். ஷெல்லிடம் போகும் முன்பே மேக் அதை விரித்துவிடுவதால் ஒற்றை மேற்கோள் தடையாக இருக்காது.

முக்காற்புள்ளி பெரும்பாலும் நேரத்தோடு வரும். பதிவு-10:30 என்ற டார்கெட்டுக்குப் பின், டார்கெட்டையும் சார்புகளையும் பிரிக்கும் இன்னொரு முக்காற்புள்ளி வரும்போது, மேக் அதை நிலையான பேட்டர்ன் விதியாக (பெயரின் மாறும் பகுதிக்கு % போட்டு எழுதும் விதியாக) படித்து, டார்கெட் பேட்டர்னில் % இல்லை என்று நின்றுவிடும். பிழைச் செய்தியைப் பார்த்து % குறியைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். \: என்று எழுதினால் தீரும்.

கருத்துரையைத் தொடங்கும் # குறியைப் பெயரில் வைக்க \# போதும். ஆனால் 2020-இல் வந்த குனு மேக் 4.3 பதிப்பிலிருந்து ஃபங்ஷன் அழைப்புக்குள் # கருத்துரையைத் தொடங்காது. அங்கே போட்ட பேக்ஸ்லாஷும் நீங்காமல் நிற்கும். ஒரு மாறியில் \# வைத்து அதைப் பயன்படுத்தினால் பழையது புதியது இரண்டிலும் ஓடும்.

நிஞ்ஜா, சிமேக் (CMake) போன்ற மற்ற பில்டு கருவிகளுக்கு இந்தப் பழக்கத்தைக் கொண்டுபோகாதீர்கள். நிஞ்ஜாவில் இடைவெளிக்கும் முக்காற்புள்ளிக்கும் முன்னால் போடுவது $ குறி. சிமேக்கில் டார்கெட் பெயருக்கு ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு, புள்ளி, கூட்டல், சிறுகோடு மட்டும்தான்.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு இன்னொன்று. ‘தொ’ என்பதில் கொம்பையும் காலையும் யூனிகோடில் ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. லினக்ஸில் அவை இரண்டு வேறு கோப்புகள். மேக் பைட்டுகளைத்தான் ஒப்பிடும். கோப்பு கண்ணெதிரே இருக்கும்போதே டார்கெட்டை உருவாக்க விதி இல்லை என்று சொன்னால், பெயரை மறுபடி தட்டச்சு செய்யாமல் கோப்புப் பட்டியலிலிருந்து நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள்.