தோட்டத்து சோலார் பேனலுக்குத் திருட்டுத் தடுப்பு நட்: எங்கே தவறுகிறோம்?

5 எச்.பி. சோலார் பம்ப்செட்டுக்குச் சுமார் 4.8 கிலோவாட் பேனல் வேண்டும். 540 வாட் பேனல் என்றால் ஒன்பது. ஒவ்வொன்றையும் நான்கு இடத்தில் இறுக்கினால் மொத்தம் 36 போல்ட். பெரும்பாலும் எம்8 அளவுதான் போட்டிருப்பார்கள். 13-ஆம் நம்பர் ஸ்பேனர் ஒன்று இருந்தால் அத்தனையையும் கழற்றிவிடலாம், அந்த ஸ்பேனரோ எந்த மெக்கானிக் பையிலும் கிடக்கும். 2019-இல் விவசாயிகளுக்கு மானியத்தில் சோலார் பம்ப் தரும் பி.எம். குசும் திட்டம் வந்த பிறகு, வீட்டிலிருந்து எட்டத்தில், ராத்திரி ஆளில்லாத தோட்டங்களிலும் இப்படிப் பேனல்கள் நிற்கின்றன. திருட்டுத் தடுப்பு நட் வாங்கி மாட்டுவது நிச்சயம் நல்ல காரியம். மாட்டும் விதத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

முதலில் எதை வாங்குவது என்பதிலேயே தவறு நடக்கிறது. பார்க்க விநோதமாக இருந்தால் திருடனால் திறக்க முடியாது என்று நம்பிவிடுகிறோம். நட்சத்திரக் குழிக்கு நடுவே சின்ன ஊசி வைத்த டார்க்ஸ் போல்ட், அதே மாதிரி ஊசி வைத்த அலன் போல்ட், இரண்டுக்குமான பிட் சாதாரண பிட் செட்டிலேயே வருகிறது. விளையாட்டாகக் கழற்றிப் பார்ப்பவனை இவை நிறுத்தும், திட்டம் போட்டு வண்டியோடு வருபவனை நிறுத்தாது. உள்ளே திருகலாம், வெளியே திருக முடியாது என்ற ஒருவழி ஸ்க்ரூவும் அப்படித்தான். தலை வெளியே துருத்திக்கொண்டிருந்தால் வைஸ் கிரிப் போட்டுப் பிடித்துத் திருப்பிவிடலாம்.

பேனலுக்கு உருப்படியாகப் பயன்படுவது இரண்டு வகை. ஒன்று, முறியும் நட். இறுக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அதன் ஆறுமுகத் தலை முறிந்து கையோடு வந்துவிடும். போல்ட்டில் மிஞ்சுவது வழவழப்பான கூம்பு, ஸ்பேனருக்குப் பிடி கிடைக்காது. இன்னொன்று, தனிச் சாவியால் மட்டும் திறக்கும் நட். இதை வாங்கும்போது, இதே சாவியைத்தான் எல்லோருக்கும் கொடுக்கிறீர்களா என்று கடையில் கேட்டுவிடுங்கள்.

சரி, எதை எங்கே போடுவது? 36 இடத்திலும் முறியும் நட் போடுவதுதான் நான் கண்டதில் மிகப் பெரிய தவறு. ஒரு பேனல் பழுதானால் அதைக் கழற்ற கிரைண்டர் வைத்து அறுக்க வேண்டும். தீப்பொறி பட்டால் பக்கத்துப் பேனலின் கண்ணாடியும் முதுகுத் தாளும் கெடும். என்றாவது திறக்க வேண்டிய இடத்துக்குச் சாவி நட், திறக்கவே தேவையில்லாத கால், குறுக்குச் சட்டத்துக்கு முறியும் நட் என்று பிரித்துக்கொள்வதே என் யோசனை. முறியும் நட்டைத் தலை முறியும்வரை இறுக்கும் முன் பேனல் வரிசை, சாய்வு, எர்த் கம்பி எல்லாவற்றையும் சரிபார்த்துவிடுங்கள். முறிந்த பிறகு எதையும் நகர்த்த முடியாது.

குறுக்குச் சட்டத்தை மறந்துவிடுவது அடுத்த தவறு. பேனலைப் பிடிக்கும் நட்டையெல்லாம் மாற்றிவிட்டு, அந்தப் பேனல்கள் உட்கார்ந்திருக்கும் குறுக்குச் சட்டத்தைச் சாதா போல்ட்டில் விட்டால், சட்டத்தோடு சேர்த்தே தூக்கிக்கொண்டு போவார்கள். போல்ட்டின் மறுபக்கமும் முக்கியம். நட் பக்கம் பாதுகாப்பாக இருந்து, தலைப்பக்கம் ஆறுமுகமாக வெளியே தெரிந்தால், தலையைத் திருப்பியே தளர்த்தப் பார்ப்பார்கள். சதுரக் கழுத்தும் உருண்டைத் தலையும் கொண்ட கேரேஜ் போல்ட்டைச் சதுரத் துளையில் போட்டால் அந்தக் கவலை இல்லை. அதற்காகப் பேனல் பிரேமில் மட்டும் புதிதாகத் துளை போடாதீர்கள், வாரண்டி போய்விடும்.

"நட்டெல்லாம் எதுக்கு, ஒரு வெல்டு வெச்சிடு" என்பார்கள். வெல்டு சூட்டில் கல்வனைஸ் இரும்பின் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும், அந்த இடத்தில்தான் முதலில் துரு பிடிக்கும். அந்தப் புகையும் உடம்புக்கு ஆகாது. அலுமினியப் பிரேமுக்குப் பக்கத்தில் வெல்டிங் கொண்டுபோகவே கூடாது.

ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் ஸ்டெயின்லெஸ் நட்டை டிரில் மெஷினால் வேகமாக ஓட்டினால் சூடேறி மரை கடித்துக்கொள்ளும். பாதியில் நின்றுவிட்டால் முன்னும் போகாது, பின்னும் வராது. மரை கடிக்காமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் பேஸ்ட் கொஞ்சம் தடவி, கையால் மெதுவாக ஏற்றுங்கள். ஆனால் முறியும் நட்டில் பேஸ்ட் தடவினால் உராய்வு குறைந்து, தலை முறிவதற்குள் பிடி அதிகமாகி அலுமினியப் பிரேம் நசுங்கலாம். தயாரிப்பாளர் சொல்லியிருந்தால் மட்டும் தடவுங்கள். கடற்கரைப் பக்கத் தோட்டமானால் 304-ஐ விட 316 ரக ஸ்டெயின்லெஸ் உப்புக்காற்றைத் தாங்கும்.

அப்புறம் சாவி. அதை மோட்டார் ரூம் ஆணியில் தொங்கவிட்டால் நட் வாங்கியதற்கே அர்த்தமில்லை. வீட்டில் ஒன்று, வேறு நம்பிக்கையான இடத்தில் ஒன்று இருக்கட்டும். சாவி எண்ணையும் குறித்து வையுங்கள், தொலைந்தால் அந்த எண்ணைச் சொல்லித்தான் புதிது கேட்க வேண்டியிருக்கும்.

எத்தனை நல்ல நட்டும் திருடனுக்கு நேரத்தை இழுத்தடிக்கும், அவ்வளவுதான். நேரமும் சத்தமும் கூடக்கூட அவன் விட்டுவிட்டுப் போக வாய்ப்பு உண்டு. அதையும் மீறிப் போனால் போலீஸ் புகாருக்கும் இன்சூரன்ஸுக்கும் பேனலின் சீரியல் எண் வேண்டும். பேனலின் பின்பக்க ஸ்டிக்கரில் இருக்கும். ஒன்பதையும் ஒவ்வொன்றாகப் போட்டோ எடுத்து, இன்றே வீட்டில் இன்னொருவர் போனுக்கும் அனுப்பிவிடுங்கள்.