மாடியில் கேல்: மாதமும் ரகமும் மாற்றியபின்

ஒருவழியாகக் கேல் கீரை பிடிபட்டதில் நிம்மதி. கோவையில் என் மாடித்தோட்டத்தில் பிப்ரவரியில் நட்ட சுருட்டை இலைக் கேல், ஏப்ரலில் அப்படியே நின்றுவிட்டது. இலை சிறுத்து, தடித்து, ஒரே கசப்பு. மண்புழு உரம், பஞ்சகவ்யம், நிழல்வலை எதற்கும் அசையவில்லை.

அப்புறம் மாதத்தை மாற்றினேன். செப்டம்பர் கடைசியில் குழித்தட்டில் விதைத்து, அக்டோபர் கடைசியில் பைகளில் நட்டேன். முட்டைக்கோஸ் குடும்பத்துச் செடி இது. இலை விடும் காலம் நவம்பர், டிசம்பர் குளிரில் விழ வேண்டும்.

ரகமும் மாற்றினேன்: நீரோ டி டோஸ்கானா. சுருட்டை ரகத்தின் மடிப்புக்குள் அசுவினிப் பூச்சி ஒளிந்துகொள்ளும், வேப்பெண்ணெய்க் கரைசல் உள்ளே எட்டாது. இதன் மடிப்புக் குறைந்த நீள இலையில், அடிப்புறமாகத் தண்ணீரைப் பீய்ச்சினாலே பெரும்பாலும் போய்விடுகிறது. குருத்தைத் தொடாமல் அடியிலைகளை மட்டும் பறித்தேன். பிப்ரவரி வரை இலை வந்துகொண்டே இருந்தது.