தாய்லாந்து மிதக்கும் சந்தைக்குப் போகிறீர்களா?

பாங்காக்கிலிருந்து தென்மேற்கே சுமார் 100 கிலோமீட்டர் தூரத்தில், ராட்சபுரி மாகாணத்தில் இருக்கிறது டாம்னன் சடுவாக். படங்களில் எல்லாரும் பார்த்திருக்கும் சந்தை இதுதான். பாங்காக்கின் தெற்குப் பேருந்து நிலையத்திலிருந்து மினிவேன் போகிறது, சீக்கிரமே கிளம்பிவிடுங்கள், ஏனென்றால் ஒன்பது மணிக்கு மேல் சுற்றுலா வண்டிகள் வரிசையாக வந்து இறங்கிவிட்டால் கால்வாயில் படகுக்குப் படகு முட்டிக்கொண்டு நிற்கும்.

படகு விஷயத்தில்தான் உஷார். சில டாக்சிக்காரர்கள் நேராகத் தனியார் படகுத்துறையில் கொண்டுபோய் விடுவார்கள், அங்கே கேட்கும் தொகை தலைசுற்ற வைக்கும். பேரம் பேசுங்கள். ஆளுக்கு எவ்வளவா, படகுக்கு எவ்வளவா, எத்தனை நேரம் என்பதை ஏறுவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். மோட்டார் படகைவிடத் துடுப்புப் படகு நிதானம், கடைகளைப் பார்க்க அதுவே நல்லது. படகே வேண்டாமென்றால் கரையோரம் நடந்தும் பார்க்கலாம், காசு மிச்சம்.

சாப்பாட்டுக்கு வருவோம். தேங்காய்ப்பாலில் சுடும் கனோம் க்ரோக் நம்ம குழிப்பணியாரம் மாதிரியே இருக்கும், விடாதீர்கள். படகு நூடுல்ஸ் குழம்பில் பன்றி அல்லது மாட்டு ரத்தம் சேர்ப்பது வழக்கம், சைவக்காரர்கள் 'ஜே' (தாய் மொழியில் சைவம்) என்று சொல்லிக் கேட்க வேண்டும். தாய்லாந்துப் பணமான பாத் சில்லறை நோட்டுகளாக அவசியம்.

வெளிநாட்டுச் சுற்றுலாக் கூட்டம் பிடிக்காதா? வெள்ளி முதல் ஞாயிறு வரை மாலையில் அம்பாவா என்ற இன்னொரு மிதக்கும் சந்தைக்குப் போங்கள். உள்ளூர்க்காரர்களே அதிகம் வருவார்கள், இருட்டியதும் மின்மினி பார்க்கப் படகும் உண்டு. என் ஓட்டு அதற்குத்தான்.