எல்லாருக்கும் ஒரே மெத்தையா? பிள்ளைகளின் தூக்கத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்ட வீடுகளிலும் சரி, தோட்டத்தை விட்டு வந்தவர்கள் குடியேறிய தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளிலும் சரி, குடும்பமே ஓர் அறையில் படுப்பது சாதாரணம். கைக்குழந்தை, பாலர் பள்ளிப் பிள்ளை, ஐந்தாம் படிவத்து அண்ணன் எல்லாருக்கும் ஒரே மெத்தை, ஒரே காற்றாடி, ஒரே நேரம். பெரும்பாலான தவறுகள் இங்கிருந்துதான் தொடங்குகின்றன. ஏழு வயதுப் பிள்ளைக்குச் சுகமான தலையணை, மூன்று மாதக் குழந்தையின் மூச்சை அடைத்துவிடும்.

ஒரு வயது வரை குழந்தையைப் பகலிலும் இரவிலும் மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும். குப்புறப் போட்டால் அசந்து தூங்கும் என்று பாட்டிகள் சொல்வது உண்மைதான். மூச்சுக்குத் திணறினாலும் விழிக்காத அளவுக்கு அசந்துவிடுவதுதான் ஆபத்து. மல்லாந்து படுத்தால் பால் புரையேறும் என்ற பயமும் வேண்டாம். அப்படிப் படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருப்பதால், கக்கும் பால் எளிதில் மூச்சுக்குழாய்க்குள் போகாது. 1990-களில் இதை ஊரெங்கும் எடுத்துச் சொன்ன பல நாடுகளில், தூக்கத்தில் நிகழும் திடீர்ச் சிசு மரணங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன.

தலை உருண்டையாக வரக் கடுகுத் தலையணை வைக்கும் வழக்கத்தையும் விட்டுவிடலாம். விழித்திருக்கும்போது, நாம் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டே சிறிது நேரம் குப்புறப் படுக்க விட்டால் போதும், தலையின் பின்புறம் தட்டையாகாது. மெத்தை கெட்டியாக, சமதளமாக இருக்கட்டும். அதில் தலையணை, கனத்த போர்வை, பொம்மை எதுவும் வேண்டாம்.

ஸ்பிரிங்கில் தொங்கும் சேலைத் தொட்டில் நம்மை விட்டு எளிதில் போகாது; அழுகிற குழந்தையை அது அடக்கும் வேகம் அப்படி. ஆனால் அதில் உடல் வளைந்து தாடை நெஞ்சில் படிந்தால் காற்றுப்பாதை ஒடுங்கும். கண் அயர்ந்ததும் எடுத்துச் சமமான படுக்கையில் மல்லாக்கக் கிடத்துங்கள். இரவு முழுக்கத் தொட்டிலிலேயே விடவேண்டாம்.

குழந்தை பெற்றோரின் அறையில் தனிப் படுக்கையில் தூங்குவதே பாதுகாப்பு. விடியுமுன் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்வந்த அசதியில் சோபாவில் குழந்தையை மார்பில் போட்டபடி கண் அயர்வதுதான் எல்லாவற்றிலும் மோசம். ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும் என்பதால் பகல் தூக்கத்துக்கும் வலை வேண்டும். கொசுவர்த்தியும் சாம்பிராணிப் புகையும் சிகரெட்டும் அந்த அறையில் கூடாது. ஒரு வயதுக்குள் சூப்பானில் தேன் தடவிக் கொடுக்கவே கூடாது. அதனால் போட்டுலிசம் என்ற கடும் நோய் வரலாம். தூங்கட்டும் என்று சளி மருந்து கொடுப்பதும் ஆபத்து, எந்த வயதுப் பிள்ளைக்கும்.

நடக்கத் தொடங்கிய பிள்ளைகளுக்குக் கவலை வேறு. பால் புட்டியை வாயில் வைத்தபடியே தூங்கினால் பல் சொத்தையாகும். அலமாரியைச் சுவரோடு இறுக்கிப் பொருத்துங்கள், திரைச்சீலைக் கயிறு கைக்கு எட்டாதபடி கட்டிவிடுங்கள். இரண்டடுக்குக் கட்டிலின் மேல்தட்டு ஆறு வயதுக்குப் பிறகுதான்.

பள்ளிப் பிள்ளைகளின் தூக்கத்தைத் திருடுவது நேரம். 1982-இல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி முன்னே தள்ளப்பட்டதிலிருந்து இங்கே சூரியன் ஏழு மணிக்கு மேல்தான் எழுகிறது. பிள்ளைகளோ இருட்டிலேயே பள்ளிக்குக் கிளம்புகிறார்கள். ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை. ஐந்தரைக்கு எழும் பிள்ளை எட்டரைக்காவது படுத்தாக வேண்டும். பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் பத்து மணிவரை சுற்றிவிட்டு, காலையில் எழ மாட்டேன் என்கிறான் என்று திட்டுவது நியாயமே இல்லை.

பதின்ம வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். அந்த வயதில் உடலே தாமதமாகத்தான் தூக்கத்தைக் கேட்கும், அதைச் சோம்பல் என்று பழிக்காதீர்கள். கைப்பேசி வரவேற்பறையில் சார்ஜ் ஆகட்டும். தலையணைக்கு அடியில் வைத்தால் சூடேறித் தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. மாலைக்கு மேல் காப்பியும் தேநீரும் வேண்டாம்.

அப்புறம், எந்த வயதுப் பிள்ளையாக இருந்தாலும் தினமும் குறட்டை விட்டு, இடையிடையே மூச்சு நின்று திணறி எழுந்தால், அலுப்பு என்று விட்டுவிடாமல் அரசாங்க கிளினிக்கில் காட்டுங்கள். தூங்கும்போது கைப்பேசியில் எடுத்த ஒரு சிறு காணொளியையும் டாக்டரிடம் காட்டலாம்.